வீட்டுக் கிரைண்டர்

அத்தியாயம் 17

புதன்கிழமை காலை ஏழு மணிக்கே எலியேசர் குளித்து, வெள்ளைச் சட்டையை மாட்டிக்கொண்டு கூடத்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

தொழிலாளர் காப்பீட்டு இ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்தில் விசாரணை பதினோரு மணிக்குத்தான். சேலையூரிலிருந்து மேற்குத் தாம்பரத்துக்கு நடந்தே போனாலும் ஒரு மணி நேரம் ஆகாது. ஆனால் பத்து வாரமாக அந்த மனிதருக்குக் கிளம்பிப் போக ஓர் இடம் இருக்கவில்லை. இன்று இருந்தது.

சட்டைப் பித்தானை மட்டும் ஜெரூஷா வந்து போட வேண்டும். வலது கையில் கட்டைவிரலும் சுண்டுவிரலும்தான் மிச்சம். நடுவில் இருந்த மூன்றும் போய்விட்டன.

"அசையாம உக்காருங்கப்பா. யூ.கே.ஜி.க்குப் போறப்ப என்னை இப்படித்தானே மிரட்டுவீங்க" என்றாள் ஜெரூஷா. கல்லூரியில் இரண்டாம் வருஷம் படிக்கிற பெண். அப்பா சிரிக்கட்டும் என்றுதான் சொன்னாள். அவரும் அவளுக்காகச் சிரித்தார்.

சமையலறையில் நின்று அவர் மனைவி ஞானஜோதி இதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் காலடியில் மூலையில் வீட்டுக் கிரைண்டர் பழைய போர்வைக்குள் மூடிக் கிடந்தது. மூன்று வாரமாக அவள் அதைத் தொடவில்லை. கடையிலிருந்து பாக்கெட் மாவுதான். இட்லி புளிக்கிறது என்று எலியேசர் இரண்டு முறை சொல்லிப் பார்த்தார். ரிப்பேர் என்று சொல்லிவிட்டாள்.

கிரைண்டரில் ஒரு கோளாறும் இல்லை. கோளாறு அந்தச் சொல்லில் இருந்தது.

எலியேசருக்கு சிங்கப்பெருமாள் கோவில் தாண்டி ஒரு உதிரிபாகத் தொழிற்சாலையில் வேலை. இரும்புத் துண்டுகளைத் தேய்த்து மழமழப்பாக்கும் இயந்திரம் அவருடையது. அங்கே அதற்கும் கிரைண்டர் என்றுதான் பெயர். மகளின் கல்லூரிக் கட்டணத்துக்காக மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை கூடுதலாக வேலை பார்த்தார். கம்பெனி அந்த நாட்களை எந்தப் புத்தகத்திலும் எழுதுவதில்லை. சபையிலும் அவர் உண்மையைச் சொல்லவில்லை. ஆராதனை நாளில் இயந்திரத்தின் முன்னால் நிற்கிறேன் என்று எப்படிச் சொல்வது? பக்கத்துக் கிராமத்து ஜெபவீட்டுக்கு உதவப் போகிறேன் என்றார். சபைப் போதகரான ஐயர் அதற்காகப் பீடத்திலிருந்தே ஜெபிப்பார். அந்த ஜெபத்தின்போது ஞானஜோதி கண்ணை இன்னும் இறுக்கி மூடிக்கொள்வாள்.

அப்படிப்பட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமையில்தான் சக்கரம் உடைந்து அவர் கையைப் பிடித்தது. கம்பெனி வேன் அவரைக் குரோம்பேட்டையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் இறக்கிவிட்டுத் திரும்பிவிட்டது. பக்கத்து இயந்திரத்து முனிரத்தினம் மட்டும், ஞானஜோதி வந்து சேரும்வரை ரத்தம் படிந்த சட்டையோடு வாசலில் நின்றான்.

உள்ளே பதிவேட்டின் முன்னால் உட்கார்ந்திருந்தவள் நர்ஸ் கிறிஸ்டி. அதே சபை. ஞாயிறு பள்ளியில் ஜெரூஷாவுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுத்தவள்.

"எப்படிக்கா ஆச்சு?"

"கிரைண்டர்ல கை மாட்டிக்கிச்சு."

"வீட்டு கிரைண்டரா?"

அந்த நேரத்தில் ஞானஜோதியின் மனதில் புருஷனின் கைகூட இல்லை. ஐயரின் ஜெபம்தான் வந்து நின்றது.

"ஆமா" என்றாள்.

அவ்வளவுதான். இரண்டே எழுத்து.

*

மூன்று வாரத்துக்கு முன் கடிதம் வந்தபோதுதான் அந்த இரண்டு எழுத்தின் கனம் தெரிந்தது. மருத்துவமனைப் பதிவேட்டில் வீட்டில் நேர்ந்த விபத்து என்று இருப்பதால், இது வேலையால் வந்த காயமா என்று விசாரிக்க வேண்டியிருக்கிறது, நேரில் வரவும் என்று கிளை அலுவலகத்திலிருந்து எழுதியிருந்தார்கள்.

எலியேசர் கொதித்துவிட்டார். வார்டில் டாக்டரிடம் கம்பெனியில் அடிபட்டது என்று தன் வாயாலேயே சொன்னாரே, பிறகு அந்தப் பெண் எப்படி வீடு என்று எழுதலாம்? கம்பெனிக்காரர்கள் அவளைப் பிடித்து எழுத வைத்துவிட்டார்கள் என்று முடிவு கட்டினார். ஆஸ்பத்திரி நிர்வாகத்துக்குப் புகார் எழுதினார். அவர் சொல்லச் சொல்ல எழுதியது ஜெரூஷா. அடியில் இடது கையால் கையெழுத்துப் போட்டது அவர்.

கிறிஸ்டியிடம் விளக்கம் கேட்டார்கள். விசாரணை முடியும்வரை அவசரப் பிரிவிலிருந்து எடுத்து, துணி ஸ்டோரில் போர்வை எண்ணப் போட்டார்கள். பதினோரு வருஷம் ஊசியும் கட்டும் பிடித்த கை.

இதெல்லாம் தெரிந்தும் ஞானஜோதி வாய் திறக்கவில்லை. நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று படுப்பாள். விடிந்ததும் அவர் முகத்தைப் பார்த்தால் நா எழாது. பொய் சொல்ல ஒரு நொடி போதுமாக இருந்தது. அதைத் திருப்பி எடுக்க மூன்று வாரம் போதவில்லை.

*

கிளம்பும் முன் ஜெரூஷா முனிரத்தினத்துக்குப் போன் செய்தாள். சாட்சி சொல்ல வருகிறேன் என்று போன வாரம் சொன்னவன் இன்று இழுத்தான்.

"பாப்பா, நான் வந்து நின்னா அடுத்த நாளே என் வேலை பூடும். வூட்ல ரெண்டு பொண்ணுங்க கீது. இன்னா பண்ண சொல்ற?"

ஜெரூஷா போனை வைத்தாள். எலியேசர் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். "அவனைத் தொந்தரவு பண்ணாதே. அவனுக்காவது பத்து விரலும் இருக்கட்டும்" என்றார்.

கிளை அலுவலகத்தில் அதிகாரியின் பெயர் ஸ்ரீநிவாசராகவன். ஓய்வு பெறும் வயதை நெருங்கியவர். எலியேசர் வணக்கம் சொல்லக் கை தூக்கியதும் எழுந்து நின்று பதில் வணக்கம் சொன்னார். எதிர்ப்பக்கம் கம்பெனி மேனேஜர் ஜெயகிருஷ்ணன் ஃபைலை மடியில் வைத்தபடி உட்கார்ந்திருந்தார். யார் முகத்தையும் பார்க்கவில்லை.

மேனேஜர் சொன்னது சுருக்கம்தான். அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை, கம்பெனி விடுமுறை. வருகைப் பதிவில் எலியேசர் பெயர் கிடையாது. ஆஸ்பத்திரிப் பதிவேடும் வீடு என்கிறது. இதற்கு மேல் கம்பெனிக்குச் சொல்ல ஒன்றுமில்லை.

ஸ்ரீநிவாசராகவன் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். எலியேசரைப் பார்த்துத்தான் பேசினார். ஞாயிறா திங்களா என்று சட்டம் கேட்பதில்லை. வேலையினால் வந்த காயமா, வேலையில் இருக்கும்போது வந்ததா என்பதைத்தான் கேட்கும். கம்பெனி பெயரை எழுதாமல் விட்டால் அது கம்பெனியின் குற்றம். அதனால் தொழிலாளியின் உரிமை போய்விடாது. வேலையால் வந்த காயம் என்று ஏற்றுக்கொண்டால், ஆறும்வரை சம்பளத்தில் பெரும்பகுதி வரும். பிறகு மருத்துவக் குழு பார்த்து, சம்பாதிக்கும் சக்தி எவ்வளவு குறைந்தது என்று சதவீதம் போடும். அதற்கேற்ப ஆயுள் முழுக்க மாதாமாதம் வரும். நாளைக்கு வேறு வேலைக்குப் போனாலும் அது நிற்காது.

"ஒரு கையில மூணு விரலுக்கு அட்டவணையில முப்பது சதவீதம்னு இருக்கு" என்றார்.

எலியேசர் கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார். "அப்போ மீதி எழுபது என்கிட்ட இருக்குங்களா சார்?"

கேலியாகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். அதிகாரி மேஜை மேல் இருந்த தண்ணீர் பாட்டிலை அவர் பக்கம் நகர்த்தி, மூடியையும் திறந்து வைத்தார்.

ஞானஜோதி அந்த மூடியைப் பார்த்தாள். ஒரு கையால் திறக்க முடியாது என்று கேட்காமலே தெரிந்துகொண்ட மனிதர். இவர் முன்னாலா நாம் பொய்யோடு உட்கார்ந்திருக்கிறோம் என்று இருந்தது.

"இதெல்லாம் வேலையில பட்ட காயம்னு நிரூபணம் ஆனாத்தான். பதிவேட்டை எழுதின நர்ஸ் கிட்ட ஆஸ்பத்திரி விளக்கம் வாங்கியிருக்கு. படிக்கிறேன்" என்றார் ஸ்ரீநிவாசராகவன்.

அது ஒரு சின்னக் காகிதம். "நோயாளியுடன் வந்தவர் கூறியதை எழுதினேன். அவர் யார் என்று எனக்கு நினைவில்லை. கவனக்குறைவு என்னுடையது. எந்தத் தண்டனைக்கும் சம்மதிக்கிறேன். கிறிஸ்டி."

எலியேசர் நிமிர்ந்தார். கூட வந்தவன் முனிரத்தினம் ஒருத்தன்தானே, அப்படியானால் அவன்தான் கம்பெனிக்குப் பயந்து வீடு என்று சொல்லியிருக்கிறான், அதனால்தான் இன்றைக்கும் வரவில்லை என்று அவர் சொல்லிக்கொண்டே போனார்.

ஞானஜோதிக்கு அதற்கு மேல் எதுவும் காதில் விழவில்லை. நினைவில்லையாம். பதினைந்து வருஷமாக ஒரே வரிசையில் உட்கார்ந்து பாடுகிறவளுக்கு, பெண்கள் ஐக்கிய சங்கத்தில் பக்கத்து நாற்காலிக்காரிக்கு, கூட வந்தது யார் என்று நினைவில்லையாம். தன் வேலையைப் பணயம் வைத்து அவள் ஒரு பொய் எழுதியிருக்கிறாள். இவளுடைய பொய் போய் அவள் கையிலும் ஒட்டிக்கொண்டது. இப்போது முனிரத்தினத்தின் தலையிலும் ஏறப்போகிறது.

"சார்" என்றாள். "நான்தான் சொன்னேன்."

அதிகாரி காகிதத்தைக் கீழே வைத்தார்.

"கிரைண்டர்னு சொன்னேன். வீட்டு கிரைண்டரான்னு அந்தப் பொண்ணு கேட்டா. ஆமான்னு சொல்லிட்டேன். யாரும் எனக்குச் சொல்லிக்கொடுக்கல. கம்பெனிக்காரங்களும் சொல்லல. ஞாயித்துக்கிழமை வேலைக்குப் போனது சபைக்குத் தெரியக்கூடாதுன்னு நானாத்தான் சொன்னேன்."

ஜெரூஷா அம்மாவைப் பார்த்தாள். பிறகு தன் கையைப் பார்த்தாள். அந்தப் புகாரை எழுதிய கை.

எலியேசர் அசையவில்லை.

ஸ்ரீநிவாசராகவன் கோபப்படவில்லை. அவள் சொன்னதை வரிக்கு வரி எழுதி, படித்துக்காட்டி, கையெழுத்து வாங்கினார். பிறகு கோப்பின் அடியிலிருந்து இன்னொரு தாளை எடுத்தார். அது சிகிச்சைக் குறிப்பின் நகல். காயத்தைக் கழுவியவள் எழுதியது. காயத்தில் கறுப்பு கிரீஸ், இரும்புத்தூள், மூன்று முறை கழுவப்பட்டது என்று இருந்தது. கீழே அதே கிறிஸ்டியின் கையெழுத்து.

"மாவாட்டுற கிரைண்டர்ல இரும்புத்தூள் எங்கேருந்து வரும்னு எனக்கும் ஒரு கேள்வி இருந்ததும்மா. பதிவேட்டை எழுதினதும் அந்தப் பொண்ணுதான். உண்மையைக் குறிச்சு வச்சதும் அவதான்" என்றார்.

ஆனால் அதுவும் போதாது என்றும் சொன்னார். இரும்புத்தூள் எந்த ஊர் இரும்புத்தூள் என்று தாள் சொல்லாது. அன்றைக்கு அந்தத் தொழிற்சாலையில் எலியேசரைக் கண்ணால் பார்த்த ஒருவர் வந்து சொல்ல வேண்டும். அடுத்த புதன்கிழமைவரை தவணை கொடுத்தார்.

வாசலில் ஜெயகிருஷ்ணன் செருப்பை மாட்டியபடி கொஞ்சம் தயங்கினார். "எனக்கும் மேலே ஆளுங்க இருக்காங்கம்மா" என்று தரையைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போனார். ஞானஜோதிக்கு அவர் மேல் கோபம் வரவில்லை. பயத்தில் உண்மையை விட்டவள் இன்னொருவனைப் பார்த்து என்ன சொல்ல?

*

ரயில் நிலைய நடைமேம்பாலத்தில் எலியேசர் முன்னால் போனார். அம்மாவும் மகளும் பத்தடி பின்னால். கீழே செங்கல்பட்டு வண்டி வந்து நின்றது. இருபது வருஷமாக அவர் ஏறிய வண்டி. அதைப் பார்த்ததும் அவர் நின்றார்.

ஞானஜோதி பக்கத்தில் போனாள். திட்டட்டும் என்று காத்திருந்தாள். அவர் திட்டவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

"என்னங்க, ஏதாவது சொல்லுங்க."

வண்டி கிளம்பிப் போனதும் அவர் அவள் பக்கம் திரும்பினார்.

"நாலாம் நாள் ஐயர் ஆஸ்பத்திரிக்கு வந்தாரே, ஞாபகம் இருக்கா? வீட்டு கிரைண்டர்லயா எலியேசர்னு கேட்டார். நீ அப்ப காபி வாங்கப் போயிருந்தே." அவர் கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். "நானும் தலையை ஆட்டினேன், ஜோதி."

அவளுக்கு அழுகை வந்தது. ஒரே பொய்யை இரண்டு பேரும் தனித்தனியாகச் சொல்லிவிட்டு, ஒரே வீட்டில் அதைத் தனித்தனியாகச் சுமந்திருக்கிறார்கள்.

"சபையார் கிட்ட பொய் சொன்னா அது சபையோட நின்னுடும்னு நெனச்சேன். அது போய் அந்தப் பொண்ணு வேலையைத் தொட்டிருக்கு. புகார்ல நான் கையெழுத்து வேற போட்டேன்" என்றார். பிறகு கிழக்குப் பக்கப் படியில் இறங்கி நடந்தார். கூப்பிட்டும் திரும்பவில்லை.

*

ஞானஜோதியும் ஜெரூஷாவும் வீட்டுக்குப் போகவில்லை. மின்சார ரயில் ஏறிக் குரோம்பேட்டையில் இறங்கி, நேராக ஆஸ்பத்திரி நிர்வாகியின் அறைக்குப் போனார்கள். அங்கேயும் ஞானஜோதி அதையே சொன்னாள். இரண்டாம் முறை சொல்வது கொஞ்சம் சுலபமாக இருந்தது. நிர்வாகி எழுதித் தரச் சொன்னார். ஜெரூஷா எழுதினாள். புகாரை எழுதிய அதே கையால், அதே பேனாவால்.

துணி ஸ்டோர் படிக்கட்டுக்கு அடியில் இருந்தது. கிறிஸ்டி போர்வைகளை மடித்து அடுக்கிக்கொண்டிருந்தாள். இவர்களைப் பார்த்ததும் முதலில் அவள் கேட்டது, அண்ணாவுக்குக் கை இன்னும் ராத்திரியில் குடைகிறதா என்றுதான்.

ஜெரூஷா அவள் தோளில் முகத்தை வைத்து அழுதாள். டீச்சர், அந்தப் புகார் லெட்டரை எழுதினது நான்தான் என்றாள். தெரியுமே, 'ழ' இன்னும் நீ சரியாகப் போடுவதில்லை என்று கிறிஸ்டி அவள் முதுகைத் தட்டினாள்.

"ஏன்டி நினைவில்லைன்னு எழுதினே?" என்று ஞானஜோதி கேட்டாள்.

கிறிஸ்டி ஒரு போர்வையின் மூலைகளைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு யோசித்தாள். "காயத்தைக் கழுவுறப்பவே எனக்குப் புரிஞ்சிடுச்சுக்கா. நீங்களே வந்து சொல்வீங்கன்னு இருந்தேன். நான் முந்திக்கிட்டுச் சொன்னா, அண்ணாகிட்ட நீங்க சொல்றதுக்கு ஒண்ணும் இருக்காதே."

ஞானஜோதி மன்னிப்புக் கேட்க வாய் திறந்தாள். கிறிஸ்டி போர்வையின் மறுமுனையை அவள் கையில் கொடுத்தாள். இரண்டு பேருமாக அதை மடித்தார்கள்.

*

கிறிஸ்டியின் பணி ஐந்து மணிக்கு முடிந்தது. மூவரும் சேர்ந்தே சேலையூர் திரும்பினார்கள். எலியேசர் வீட்டில் இல்லை. எங்கே இருப்பார் என்று ஞானஜோதிக்குத் தெரிந்தது.

ஆலய வாசலில் சுவரோடு ஒரு கரும்பலகை உண்டு. பதினெட்டு வருஷமாக அதில் தினமும் வசனம் எழுதியவர் எலியேசர்தான். விடிகாலையில் வேலைக்குப் போகும் வழியில் எழுதிவிட்டுப் போவார். அச்சில் வார்த்தது போன்ற எழுத்து. சபைக்கு வராதவர்கள்கூட பஸ் நிறுத்தத்தில் நின்று அதைப் படிப்பார்கள். ஒரு புள்ளி விட்டுப்போகாது. பத்து வாரமாகப் பலகை வெறுமையாகக் கிடந்தது. வேறு யாரும் எழுதத் துணியவில்லை.

இப்போது அதன் முன்னால் அவர் நின்றுகொண்டிருந்தார். இடது கையில் சாக்பீஸ். வெள்ளைச் சட்டையெல்லாம் பொடி. பள்ளிக்குப் புதிதாகப் போன பிள்ளை எழுதியதுபோல எழுத்துகள் மேலும் கீழுமாக ஏறி இறங்கியிருந்தன.

"என் விரல்கள் போனது வீட்டில் அல்ல. ஞாயிற்றுக்கிழமை கம்பெனி வேலையில். ஜெபவீடு என்று சபைக்குப் பொய் சொன்னேன். கிறிஸடி மேல் ஒரு குற்றமும் இல்லை. மன்னியுங்கள். எலியேசர்."

மாலை ஜெபத்துக்கு வந்தவர்கள் ஒவ்வொருவராக நின்று படித்தார்கள். ஒரு முதியவர் செருப்பைக் கழற்றிவிட்டு, போகிற போக்கில் எலியேசரின் தோளைத் தொட்டுவிட்டு உள்ளே போனார்.

ஞானஜோதி அவர் பக்கத்தில் போய் நின்றாள். அந்தப் பலகையில் தன் பெயர் எங்கேயும் இல்லை என்பதை அப்போதுதான் கவனித்தாள். வேண்டுமென்றேதான் விட்டிருந்தார். அவள் அவருடைய வலது கையைப் பிடித்துக்கொண்டாள். விபத்துக்குப் பிறகு கட்டுப் பிரிக்கவும் மருந்து போடவும் தவிர அதை அவள் பிடித்ததில்லை.

கிறிஸ்டி பலகையை முழுக்கப் படித்தாள். பிறகு எலியேசரின் இடது கையிலிருந்து சாக்பீஸை வாங்கிக்கொண்டாள்.

"அண்ணா, என் பேர்ல ஒரு புள்ளி விட்டுட்டீங்க" என்றாள்.

எட்டி, 'ஸ'வின் தலையில் அந்தப் புள்ளியை வைத்தாள்.

அவர் அழுதார். பத்து வாரத்தில் முதல் முறையாக.

சாலையின் மறுபக்கம் ஒரு பைக் நின்றுகொண்டிருந்ததை ஜெரூஷாதான் பார்த்தாள். வேலை முடிந்து வீட்டுக்குப் போகிற வழி அது. ஹெல்மெட்டைக் கழற்றாமல், முனிரத்தினம் எழுத்துக்கூட்டிப் பலகையைப் படித்துக்கொண்டிருந்தான். கடைசி வரிவரை படித்தான். பிறகு மறுபடியும் முதல் வரிக்குப் போனான்.

ஜெரூஷா கூப்பிடவில்லை. அப்பா காலையில் சொன்னது நினைவிருந்தது.

பைக்கின் எஞ்சின் அணைந்தது. ஆனால் அவன் இன்னும் இறங்கவில்லை.